சர்வரில் சான்றிதழையும் தனிச்சாவியையும் முறையாக அமைப்பது எப்படி?

ஒரு சர்வரோடு பேசும் இணைப்பை மறைகுறியாக்கம் செய்ய இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று சான்றிதழ். மற்றொன்று, பேச்சுவழக்கில் பிரைவேட் கீ என்று சொல்லப்படும் தனிச்சாவி. இரண்டும் ஒரே அடைவில், ஏறத்தாழ ஒரே மாதிரியான பெயர்களுடன், ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால், இரண்டையும் ஒரே தன்மையுடைய பொருள்களாகக் கருதி ஒரே விதமாகக் கையாளும் பழக்கம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. இந்தத் துறையில் நான் பார்த்த பெரும்பாலான கோளாறுகளுக்கும் அபாயங்களுக்கும் அந்தப் பழக்கமே காரணம். சான்றிதழ் எல்லோரும் பார்க்க வேண்டியது. இணைக்க வருகிற ஒவ்வொருவரிடமும் சர்வர் அதைத் தானே எடுத்து நீட்டுகிறது. தனிச்சாவியோ எவரும் பார்க்கக் கூடாதது. பிறந்த இயந்திரத்திலேயே வாழ்ந்து அங்கேயே அழிய வேண்டியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் தட்டும்போது அவற்றின் மூல எழுத்துகளிலேயே தட்ட வேண்டும். எடுத்துக்காட்டுகள் லினக்ஸ் சர்வரையும், சாவிகளையும் சான்றிதழ்களையும் உருவாக்கவும் சோதிக்கவும் உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலையும் அடிப்படையாகக் கொண்டவை.

சாவியும் சான்றிதழும் செய்யும் வேலை

கணித வழியில் பிணைக்கப்பட்ட இரண்டு சாவிகள் ஒன்றாகவே உருவாகின்றன: பொதுச்சாவி, தனிச்சாவி. தனிச்சாவியால் இடப்பட்ட கையொப்பத்தைப் பொதுச்சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவியைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது. சான்றிதழ் என்பது, ‘இந்தப் பொதுச்சாவி இந்த டொமைன் பெயருக்கு உரியது’ என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் தன் கையொப்பத்தோடு எழுதிக் கொடுக்கும் ஆவணம். இணைப்பு தொடங்கும்போது சர்வர் சான்றிதழை நீட்டுகிறது. பின்னர், அந்தச் சான்றிதழில் உள்ள பொதுச்சாவிக்கு இணையான தனிச்சாவி தன்னிடம் இருப்பதை, அந்த இணைப்புக்கே உரிய தரவின் மீது கையொப்பமிட்டு நிரூபிக்கிறது. ஆகவே சான்றிதழை எவர் நகலெடுத்தாலும் கேடில்லை. தனிச்சாவியை நகலெடுத்தவர், இணைப்பின் வழியில் குறுக்கிட முடிந்தால், உங்கள் சர்வராகவே நடிக்கலாம். உலாவி எந்த எச்சரிக்கையும் காட்டாது.

பழைய முறையில் ஆபத்து இன்னும் பெரிதாக இருந்தது. ஆர்எஸ்ஏ என்ற வகைச் சாவியைக் கொண்டே, ஓர் இணைப்புக்கு மட்டும் உரிய அமர்வுச் சாவியைப் பரிமாறிக்கொண்ட காலத்தில், இணைப்புகளை இன்று பதிவு செய்து வைத்துக்கொண்ட ஒருவர், தனிச்சாவி என்றைக்குக் கையில் கிடைத்தாலும் அன்றைக்கு அந்தப் பழைய உரையாடல்கள் அனைத்தையும் படித்துவிட முடிந்தது. இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.3 பதிப்பு 2018 ஆகஸ்டில் வெளியாகி, அந்த முறையை அடியோடு நீக்கிவிட்டது. அதில் ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக, தற்காலிகமாகப் பரிமாறப்படும் சாவியே பயன்படுகிறது. டிஎல்எஸ் 1.2-ஐப் பயன்படுத்துவோர் இசிடிஎச்இ என்று தொடங்கும் மறைகுறித் தொகுப்புகளை, அதாவது மறைகுறியாக்க முறைகளின் தொகுதிகளை, தேர்ந்தால் அதே பாதுகாப்பு கிடைக்கும்.

தனிச்சாவியை உருவாக்குதல்

சாவியை உருவாக்க வேண்டிய இடம், அதைப் பயன்படுத்தப்போகும் சர்வரே. தன் மடிக்கணினியில் உருவாக்கி, மின்னஞ்சலில் அனுப்பி, பின்பு சர்வரில் ஏற்றும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றே அதைக் கைவிடுங்கள். அவ்வழியில் சாவியின் நகல்கள் எத்தனை இடங்களில் தங்கிவிடுகின்றன என்பதை எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது. சான்றிதழ் விற்கும் சில தளங்கள், ‘சாவியையும் நாங்களே உருவாக்கித் தருகிறோம்’ என்று வசதி காட்டுவதுண்டு. அந்த வசதியை ஏற்க வேண்டாம். பிறர் உருவாக்கி உங்களுக்கு அனுப்பிய சாவி, பெயரளவில் மட்டுமே தனிச்சாவி.

எந்த வகைச் சாவி என்பது அடுத்த முடிவு. புதிதாக அமைக்கும் சர்வருக்கு, பி-256 வளைகோட்டை அடிப்படையாகக் கொண்ட இசிடிஎஸ்ஏ சாவியையே நான் பரிந்துரைப்பேன். அது அளவில் சிறியது, சர்வர் கையொப்பமிடும் வேலையை விரைந்து முடிப்பது, இன்றைய உலாவிகள் அனைத்தாலும் ஏற்கப்படுவது. மிகப் பழைய கருவிகளும் இணைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் ஆர்எஸ்ஏ சாவியைத் தேரலாம். அதற்கு 2048 பிட் குறைந்தபட்ச அளவு; ஒரு நிறுவனம் தனக்குள்ளேயே நடத்தும் அகச் சான்றளிப்பு அமைப்பின், நெடுங்காலம் இருக்க வேண்டிய சாவிகளுக்கு 3072 அல்லது 4096 பொருத்தமானது. வெளியுலகச் சர்வர் ஒன்றுக்கு 4096 பிட் சாவி வைப்பதால் ஒவ்வொரு இணைப்பிலும் கூடுகிற சுமைக்கு ஈடான நன்மை எதுவும் கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

உருவாக்கும் முன் முனையத்தில் ‘யுமாஸ்க் 077’ என்று கொடுத்துவிடுங்கள். அதன்பின் உருவாகும் கோப்பை உரிமையாளரைத் தவிர வேறெவரும் படிக்க முடியாது. முதலில் உருவாக்கிவிட்டுப் பிறகு அனுமதியை மாற்றலாம் என்று நினைத்தால், இடைப்பட்ட அந்தச் சில நொடிகளில் கோப்பு திறந்து கிடக்கக்கூடும். பின்னர் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘ஜென்பிகீ’ துணைக்கட்டளையை அழைத்து, வகையாக ‘இசி’ என்பதையும், வளைகோடாக ‘பி-256’ என்பதையும், வெளியீடாகக் கோப்பின் பெயரையும் குறிப்பிட்டால் சாவி உருவாகிவிடும்.

சாவியின் வலிமை, அது உருவாகும்போது இயந்திரத்தில் கிடைக்கும் கணிக்க முடியாத எண்களைப் பொறுத்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 2006 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தத்தால், உருவான சாவிகளின் தற்செயல் தன்மை, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடும் செயல்முறை எண் ஒன்றையே சார்ந்ததாகிவிட்டது. ஒவ்வொரு வகைக்கும் 32,768 சாவிகளே சாத்தியம் என்ற நிலை. 2008 மே மாதத்தில் அது வெளிப்பட்டபோது, இடைக்காலத்தில் உருவாக்கப்பட்ட சாவிகள் அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. எனவே இயங்குதளத்தின் தொகுப்புகளைப் புதுப்பித்த பின்னரே சாவியை உருவாக்குங்கள். மெய்நிகர் இயந்திரத்தின் அச்சுப்படிமத்துக்குள் சாவியை வைத்துவிட்டு, அப்படிமத்திலிருந்து பல சர்வர்களை எழுப்பும் தவற்றையும் செய்யாதீர்கள். அவை அனைத்தும் ஒரே சாவியைச் சுமக்கும்.

விண்ணப்பக் கோப்பு

சான்றளிப்பு நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்புவது சிஎஸ்ஆர் எனப்படும் விண்ணப்பக் கோப்பு. அதில் உங்கள் பொதுச்சாவியும், சான்றிதழில் இடம்பெற வேண்டிய பெயர்களும், தனிச்சாவி உங்களிடம் இருப்பதற்குச் சான்றாக அதனால் இடப்பட்ட கையொப்பமும் இருக்கும். தனிச்சாவி அதில் இருக்காது. அனுப்பச் சொல்லி எவர் கேட்டாலும் அனுப்பவும் வேண்டாம்.

பெயர்களை எழுதும் இடத்தில் ஒரு பழைய பொறி காத்திருக்கிறது. முன்பெல்லாம் ‘காமன் நேம்’ என்ற புலத்தில் டொமைன் பெயரை எழுதினால் போதும் என்றிருந்தது. இன்று உலாவிகள் அந்தப் புலத்தைப் பார்ப்பதே இல்லை. குரோம் தன் 58-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2017-லிருந்து, ‘மாற்றுப் பெயர்கள்’ என்ற நீட்சியில் உள்ளவற்றை மட்டுமே ஏற்கிறது. ஆகவே பயனர் தட்டக்கூடிய ஒவ்வொரு பெயரையும், ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ போன்ற முன்னொட்டு உள்ளதையும் இல்லாததையும் தனித்தனியாக, அந்த நீட்சியில் சேர்க்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட சான்றிதழ் ஒரே ஒரு நிலைத் துணைப்பெயரை மட்டுமே உள்ளடக்கும் என்பதையும், முன்னொட்டு இல்லாத வெறும் டொமைன் பெயர் அதில் அடங்காது என்பதையும் மறக்க வேண்டாம். கோப்பு உருவானதும் ‘ரெக்’ துணைக்கட்டளையால் அதைத் திறந்து, பெயர்களை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பின்னரே அனுப்புங்கள்.

சான்றிதழைப் பெறுதல்

டொமைன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை நிறுவனம் சரிபார்க்கும். பெரும்பாலும் இரண்டு வழிகள்: அவர்கள் தரும் ஒரு குறியீட்டை உங்கள் தளத்தில் 80-ஆம் துறை (போர்ட்) வழியே காட்டுவது, அல்லது டொமைன் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஓர் உரைப்பதிவாக இடுவது. நட்சத்திரக் குறிச் சான்றிதழுக்கு, இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் டிஎன்எஸ் வழியை மட்டுமே ஏற்கிறது. இந்தச் சரிபார்ப்பையும் வழங்கலையும் தானியங்கியாகச் செய்யும் ஏசிஎம்இ நெறிமுறை 2019 மார்ச்சில் ஆர்எஃப்சி 8555 என்ற இணையத் தர ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டது. செர்ட்பாட் போன்ற நிரல்கள் சாவியை உருவாக்குவது, விண்ணப்பிப்பது, சான்றிதழைக் கொண்டுவந்து வைப்பது ஆகிய மூன்றையும் சர்வரிலேயே முடித்துவிடுகின்றன.

கையால் செய்யும் வழியை ஒருமுறையாவது செய்து புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அன்றாட நடைமுறைக்குத் தானியங்கி வழியையே கொள்ளுங்கள். இதற்கு வலுவான காரணம் உண்டு. பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் தொடர்ந்து குறைந்து வருகிறது. 2020 செப்டம்பர் 1 முதல் 398 நாள்களாக இருந்த உச்ச வரம்பை, சான்றளிப்பு நிறுவனங்களும் உலாவித் தயாரிப்பாளர்களும் கூடிய மன்றம் 2025 ஏப்ரலில் மேலும் குறைக்க முடிவு செய்தது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஆண்டுக்கு ஒருமுறை நாள்காட்டியில் குறித்துவைத்துச் செய்த வேலையை இனி அந்த வழியில் செய்து கரையேற முடியாது.

வழங்கப்படும் பொதுச் சான்றிதழ்கள் ஏறத்தாழ யாவும் வெளிப்படைப் பதிவேடுகளில் பதிவாகின்றன. அப்பதிவேடுகளை எவரும் தேடிப் பார்க்கலாம். ஆகவே வெளியே தெரியக் கூடாத அகச் சர்வர் ஒன்றின் பெயரைப் பொதுச் சான்றிதழில் எழுதினால், அந்தப் பெயர் அன்றே ஊரறிந்ததாகிவிடும். அத்தகைய பெயர்களுக்கு அகச் சான்றளிப்பு அமைப்பையோ நட்சத்திரக் குறியையோ நாடலாம்.

சான்றிதழ்ச் சங்கிலி

எல்லோரும் இடறும் இடம் இது. ஆகவே சற்று நின்று பார்ப்போம். உங்கள் சான்றிதழில் கையொப்பமிடுவது பெரும்பாலும் சான்றளிப்பு நிறுவனத்தின் தலைமைச் சான்றிதழான வேர்ச் சான்றிதழ் அன்று. வேரின் கையொப்பத்தைப் பெற்ற ஓர் இடைநிலைச் சான்றிதழே அதைச் செய்கிறது. வேர்ச் சாவியை வலையமைப்பிலிருந்து விலக்கி வைத்துக் காப்பதற்காக இந்த ஏற்பாடு. பயனரின் கருவியில் வேர்ச் சான்றிதழ்கள் மட்டுமே முன்கூட்டி இருக்கும். உங்கள் சான்றிதழுக்கும் அந்த வேருக்கும் நடுவில் உள்ள இடைநிலைச் சான்றிதழை எடுத்துத் தருவது சர்வரின் கடமை.

ஆகவே சர்வரில் வைக்கும் கோப்பில் முதலில் உங்கள் சான்றிதழ், அதற்குக் கீழே அதில் கையொப்பமிட்ட இடைநிலைச் சான்றிதழ், இன்னும் ஒன்று இருந்தால் அதற்கும் கீழே அது என்ற வரிசை இருக்க வேண்டும். வேர்ச் சான்றிதழைச் சேர்க்கத் தேவையில்லை. அதை நம்புகிறவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது, நம்பாதவருக்கு நீங்கள் தருவதால் நம்பிக்கை வந்துவிடாது. செர்ட்பாட் பயன்படுத்துவோரின் அடைவில் நான்கு கோப்புகள் இருக்கும். அவற்றுள் சர்வருக்குக் காட்ட வேண்டியது ‘ஃபுல்செயின்’ என்ற பெயருடையது. ‘செர்ட்’ என்ற பெயருடையதில் உங்கள் சான்றிதழ் மட்டுமே இருக்கும். பெயரின் எளிமையைக் கண்டு அதை எடுத்துப் போட்டுவிடுவோர் பலர்.

இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டால் நேர்வது விசித்திரமானது. கணினி உலாவியில் தளம் ஒழுங்காகத் திறக்கும். ஏனெனில் சில உலாவிகள் முன்பு வேறு தளத்தில் கண்ட இடைநிலைச் சான்றிதழை நினைவில் வைத்திருக்கின்றன, சில அதைத் தாமே தேடி இறக்கிக்கொள்கின்றன. ஆனால் கர்ல் போன்ற கட்டளை நிரல்களும், கைப்பேசிச் செயலிகளும், மற்றொரு சர்வரிலிருந்து வரும் அழைப்புகளும் அப்படிச் செய்வதில்லை. அவை இணைப்பை மறுத்துவிடும். ‘எனக்குச் சரியாகத்தான் திறக்கிறது’ என்று அமைத்தவரும், ‘எங்கள் பக்கம் பிழை வருகிறது’ என்று பயன்படுத்துவோரும் நாள்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருந்த ஒரு சிக்கலைத் தீர்க்க என்னை அழைத்தபோது, குறை இந்த ஒரு கோப்பின் பெயரில்தான் இருந்தது. அதற்குள் ஒரு செயலியின் நிரலாளர் பொறுமையிழந்து, சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிட்டிருந்தார். அந்தச் செயலி அதன்பின் எவருடைய சான்றிதழை நீட்டினாலும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தது என்பதே அந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்தியது.

சங்கிலியின் மற்ற முனையிலும் காலாவதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, சர்வரில் எந்தத் தவறும் இல்லாமலேயே, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய நிரல்களைக் கொண்டிருந்த பல கருவிகள் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களை மறுத்தன. இணைப்பு மறுக்கப்படும்போது சர்வரை மட்டுமல்லாமல், இணைக்கும் கருவியின் நம்பிக்கைப் பட்டியலையும் அதன் கடிகாரத்தையும் பாருங்கள்.

கோப்பு வடிவத்தைப் பற்றி ஒரு சொல். பெம் வடிவம் என்பது, தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையில் எழுத்துகளாக இருப்பது. லினக்ஸ் சர்வர்கள் பெரும்பாலும் கேட்பது இதுவே. டெர் என்பது அதன் இரும வடிவம். பிகேசிஎஸ் 12 என்பது சாவியையும் சான்றிதழையும் கடவுச்சொல்லுக்குள் பூட்டிய ஒற்றைக் கோப்பு. கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை நம்ப வேண்டாம். ஒரே பின்னொட்டில் பெம்மும் வரும், டெர்ரும் வரும். திறந்து முதல் வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சான்றிதழ்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டும்போது, முந்தையதன் முடிவுக் கோடும் அடுத்ததன் தொடக்கக் கோடும் ஒரே வரியில் சேர்ந்துவிடாமல் கவனியுங்கள்.

இரண்டும் ஒரே இணைதானா?

சர்வரில் ஏற்றும் முன், கையிலுள்ள சான்றிதழும் தனிச்சாவியும் ஒன்றுக்கொன்று உரியவையா என்று பாருங்கள். ‘பிகீ’ துணைக்கட்டளையால் தனிச்சாவியிலிருந்து பொதுச்சாவியை வெளிக்கொணரலாம். ‘எக்ஸ்509’ துணைக்கட்டளையால் சான்றிதழிலிருந்து பொதுச்சாவியை வெளிக்கொணரலாம். இரண்டு வெளியீடுகளும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்எஸ்ஏவின் மாடுலஸ் எண்ணை ஒப்பிடும் பழைய முறை இசிடிஎஸ்ஏ சாவிகளுக்குப் பயன்படாது. இந்த முறை இருவகைக்கும் பொருந்தும். சோதனைக்காக இணையத்தளங்களில் தனிச்சாவியை ஒட்டிப் பார்ப்பது ஒருபோதும் வேண்டாம். அப்படி ஒட்டிய சாவியைக் களவு போனதாகவே கொள்ள வேண்டும்.

கோப்பை வைக்கும் இடமும் அனுமதியும்

தனிச்சாவியின் உரிமையாளர் முழு அதிகாரம் உடைய ரூட் பயனராகவும், அனுமதி 600 ஆகவும், அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிவதாகவும், இருப்பது பொது விதி. என்ஜின்எக்ஸ், அப்பாச்சி ஆகிய வலைச் சர்வர் நிரல்கள் இரண்டிலும் ரூட்டாகத் தொடங்கும் முதன்மைச் செயல்முறைதான் சாவியைப் படிக்கிறது. பயனர்களின் வேண்டுகோள்களைக் கையாளும் கீழ்ச்செயல்முறைகளின் பயனர் கணக்குக்கு அந்தக் கோப்பின் மேல் எந்த உரிமையும் தேவையில்லை. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தியைக் கண்டதும் 644 அல்லது 777 கொடுத்துச் சமாளிப்போர் உண்டு. சர்வர் ஓடத் தொடங்கிவிடும். அந்த இயந்திரத்தில் உள்ள எந்தக் கணக்கும் சாவியைப் படிக்கவும் தொடங்கிவிடும். தரவுத்தள நிரலான போஸ்ட்கிரெஸ்கியூஎல் இந்த விஷயத்தில் பாராட்டத்தக்க கண்டிப்புடையது: சாவிக் கோப்பு தரவுத்தளப் பயனருக்கு உரியதாக இருந்தால் 0600, ரூட்டுக்கு உரியதாக இருந்தால் 0640, இவற்றைவிடத் தளர்வாக இருந்தால் தொடங்கவே மறுத்துவிடும்.

சாவி இணையத்தளத்தின் பொது அடைவுக்குள் இருக்கக் கூடாது. நிரல் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்துக்குள் போகக் கூடாது. ஒருமுறை போய்விட்டால், அடுத்த பதிவில் நீக்கினாலும் வரலாற்றில் அது தங்கியே இருக்கும். காப்பு நகல்களைச் சிந்தியுங்கள்: இரவுதோறும் முழு வட்டையும் நகலெடுக்கும் ஏற்பாடு இருந்தால், சாவியும் அங்கே போய்ச் சேர்கிறது. சான்றிதழை எளிதில் மீண்டும் பெற முடிகிற இக்காலத்தில் சர்வர் சாவிக்குக் காப்பு நகல் தேவையே இல்லை. சாவி போய்விட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கிப் புதுச் சான்றிதழ் பெறுவதே நேர்வழி.

சாவிக்குக் கடவுச்சொல் இட வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. இட்டால், சர்வர் ஒவ்வொரு முறை மறுதொடக்கமாகும்போதும் ஒருவர் அதைத் தட்ட வேண்டும். இல்லையெனில் அதே இயந்திரத்தில் இன்னொரு கோப்பில் கடவுச்சொல்லை எழுதிவைக்க வேண்டும். பின்னதில் பூட்டும் திறவுகோலும் ஒரே இடத்தில் தொங்குகின்றன. ஆளில்லாமல் இயங்கும் சர்வருக்குக் கடவுச்சொல் இல்லாத சாவியும் கண்டிப்பான அனுமதியும் போதும். அகச் சான்றளிப்பு அமைப்பின் வேர்ச் சாவிக்கு மட்டும் கடவுச்சொல் கட்டாயம் வேண்டும். அது வலையமைப்போடு இணையாத கருவியிலும் இருக்க வேண்டும்.

சர்வர் அமைப்பு

என்ஜின்எக்ஸில் ‘எஸ்எஸ்எல்_சர்ட்டிஃபிகேட்’ என்ற வரிக்கு முழுச் சங்கிலிக் கோப்பையும், ‘எஸ்எஸ்எல்_சர்ட்டிஃபிகேட்_கீ’ என்ற வரிக்குத் தனிச்சாவியையும் காட்டினால் போதும். அப்பாச்சியில் இதற்கு இணையானவை ‘எஸ்எஸ்எல்சர்ட்டிஃபிகேட்ஃபைல்’, ‘எஸ்எஸ்எல்சர்ட்டிஃபிகேட்கீஃபைல்’ ஆகியவை; சங்கிலிக்கெனத் தனி வரி கேட்கும் பழைய வழிகாட்டிகள் 2.4.8-க்கு முந்தையவை, அதன்பின் சங்கிலியும் சான்றிதழ்க் கோப்பிலேயே இருக்கலாம். சுமைபகிர்வு நிரலான எச்ஏபிராக்ஸியில் சான்றிதழ், சங்கிலி, சாவி ஆகிய மூன்றையும் ஒரே பெம் கோப்பில் வைப்பது வழக்கம். அப்போது அந்தக் கோப்பு முழுவதையும் சாவியாகவே கருதி 600 அனுமதியில் காக்க வேண்டும். மின்னஞ்சல் சர்வர் நிரலான போஸ்ட்ஃபிக்ஸில் 3.4 பதிப்பு முதல் ‘எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_செயின்_ஃபைல்ஸ்’ என்ற ஒரே அமைப்பு உண்டு; அதில் சாவி முதலிலும் சான்றிதழ்கள் அதன் பின்னும் வர வேண்டும்.

நெறிமுறைப் பதிப்புகளாக டிஎல்எஸ் 1.2, 1.3 ஆகிய இரண்டை மட்டும் அனுமதியுங்கள். 1.0, 1.1 ஆகியவை 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 மூலம் முறைப்படி கைவிடப்பட்டன. மறைகுறித் தொகுப்புகளின் நீண்ட பட்டியலை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுவதைவிட, அண்மைப் பதிப்பு சர்வரின் இயல்பான தேர்வை அப்படியே விடுவது பெரும்பாலும் நல்லது. பழைய வழிகாட்டிகளிலிருந்து ஒட்டிய பட்டியல்கள் பலவீனமான தொகுப்புகளை மீண்டும் உள்ளே கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன். உலாவியை எப்போதும் மறைகுறியாக்க இணைப்புக்கே கட்டாயப்படுத்தும் எச்எஸ்டிஎஸ் தலைப்பை, எல்லாம் சரியாக இயங்குவதை உறுதி செய்த பிறகு, முதலில் சில நிமிடக் கால அளவோடு தொடங்கிப் படிப்படியாக நீட்டுங்கள். ஓராண்டு என்று அறிவித்துவிட்டால், பின்னர் சான்றிதழில் பிழை நேரும்போது பயனரால் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே வர முடியாது.

தரவுத்தள இணைப்புகளில் வேறொரு கவனம் தேவை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இணைப்பில் ‘எஸ்எஸ்எல்மோடு’ என்ற அமைப்புக்கு ‘ரெக்வயர்’ என்று கொடுத்துவிட்டு, எல்லாம் பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்போர் பலர். அது மறைகுறியாக்கத்தைக் கட்டாயப்படுத்துகிறது. எதிரில் இருப்பது உண்மையில் உங்கள் தரவுத்தளந்தானா என்று கேட்பதில்லை. யாரென்று தெரியாத ஒருவரிடம் காதோடு காதாக இரகசியம் சொல்வது போன்றது அது. ‘வெரிஃபை-ஃபுல்’ என்று கொடுத்து, சான்றளிப்பு அமைப்பின் வேர்ச் சான்றிதழையும் காட்டினால்தான் கையொப்பமும் சர்வரின் பெயரும் இரண்டும் சரிபார்க்கப்படும்.

வெளியிலிருந்து சோதித்தல்

மாற்றத்தை நடைமுறைப்படுத்தும் முன், அமைப்புக் கோப்பைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டுங்கள். என்ஜின்எக்ஸில் அது ‘-டி’ விருப்பம், அப்பாச்சியில் ‘கன்ஃபிக்டெஸ்ட்’. சாவியும் சான்றிதழும் பொருந்தாவிட்டால் என்ஜின்எக்ஸில் இங்கேயே தெரிந்துவிடும். பிறகு மறுதொடக்கத்துக்குப் பதில் மறுஏற்றம் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் அறுபடா.

அதன்பின் வேறொரு இயந்திரத்திலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘எஸ்_கிளையண்ட்’ துணைக்கட்டளையால் இணையுங்கள். இணைக்கும் முகவரி, ‘சர்வர்நேம்’ விருப்பத்தில் டொமைன் பெயர், சங்கிலி முழுவதையும் காட்டும் ‘ஷோசெர்ட்ஸ்’ விருப்பம் ஆகியவற்றைக் கொடுங்கள். ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் இருந்தால், பெயரைச் சொல்லாதபோது வேறு தளத்தின் சான்றிதழ் வந்து நிற்கும். இந்தக் கட்டளை பிழை இருந்தாலும் இணைப்பைத் தொடரும் இயல்புடையது. பெயரையும் தானாகச் சரிபார்ப்பதில்லை. ஆகவே ‘வெரிஃபை_ஹோஸ்ட்நேம்’ விருப்பத்தையும் சேர்த்து, வெளியீட்டின் இறுதியில் வரும் சரிபார்ப்பு எண்ணைப் பாருங்கள். 0 என்றால் சரி. 10 என்றால் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. 18 என்றால் அது தானே தனக்குக் கையொப்பமிட்டது. 20 அல்லது 21 வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விடுபட்ட இடைநிலைச் சான்றிதழைத்தான். 62 என்றால் பெயர் பொருந்தவில்லை. மின்னஞ்சல் சர்வருக்கும் தரவுத்தளத்துக்கும் ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ விருப்பத்தில் நெறிமுறையின் பெயரைச் சேர்த்தால் அதே சோதனையைச் செய்யலாம்.

புதுப்பித்தல்

தானியங்கிப் புதுப்பித்தலை அமைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஒளிந்திருக்கும் ஆபத்து இது: சான்றிதழ் வட்டில் புதுப்பிக்கப்படும், சர்வரோ தொடக்கத்தில் படித்த பழைய சான்றிதழையே நினைவகத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். நான் பொறுப்பேற்றிருந்த ஒரு மின்னஞ்சல் சர்வரில் சரியாக இதுவே நடந்தது. கோப்பைப் பார்த்த கண்காணிப்பு நிரல் ‘இன்னும் 60 நாள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலையில், இணைத்தவர்களுக்குக் காலாவதிச் செய்தி வந்தது. அன்றிலிருந்து இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கிறேன். புதுப்பிக்கும் நிரலின் ‘டெப்ளாய்-ஹூக்’ இடத்தில், அந்தச் சான்றிதழைப் பயன்படுத்தும் ஒவ்வொரு சேவைக்கும் மறுஏற்றக் கட்டளையைச் சேர்க்கிறேன். கண்காணிப்பு நிரலைக் கோப்பைப் பார்க்க விடாமல், வெளியிலிருந்து இணைந்து, சர்வர் உண்மையில் நீட்டும் சான்றிதழை வாங்கிப் பார்க்க வைக்கிறேன். வாங்கிய சான்றிதழை ‘எக்ஸ்509’ துணைக்கட்டளையின் ‘செக்எண்ட்’ விருப்பத்துக்கு நொடிக்கணக்கோடு கொடுத்தால், அந்தக் காலத்துக்குள் காலாவதியாகுமா என்று அது சொல்லிவிடும். 90 நாள் சான்றிதழுக்கு 20 நாள், அதாவது 17,28,000 நொடி, பொருத்தமான எல்லை. காலாவதி நெருங்குவதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டதால், இந்தக் கண்காணிப்பு முழுக்க உங்கள் பொறுப்பு.

சாவி கசிந்தால்

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறை, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை வெளியே கசியவிட்டது. அதில் தனிச்சாவிகளும் இருக்கக்கூடும் என்பது நிரூபிக்கப்பட்டது. அப்போது பலர் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, பழைய சாவியின் மேலேயே புதுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். தேதி புதிதாயிற்று, கசிந்த சாவி அப்படியே தொடர்ந்தது.

சாவி கசிந்தது என்று உறுதிப்பட வேண்டியதில்லை, நியாயமான ஐயம் எழுந்தாலே செயல்பட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் கசிவுக்குக் காரணமான ஓட்டையை அடைத்துவிடுங்கள். இல்லையெனில் புதுச் சாவியும் அதே ஓட்டை வழியே போகும். பிறகு புதிய தனிச்சாவியை உருவாக்கி, அதற்குப் புதுச் சான்றிதழ் பெற்று, எல்லாச் சேவைகளிலும் ஏற்றி, வெளியிலிருந்து சோதியுங்கள். அது முடிந்தபின் பழைய சான்றிதழை, ‘சாவி கசிவு’ என்ற காரணத்தைக் குறிப்பிட்டு, திரும்பப் பெறச் சொல்லுங்கள். அந்தக் காரணத்தோடு வரும் உறுதியான வேண்டுகோளை நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. திரும்பப் பெறுதலை எல்லாக் கருவிகளும் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை என்பதால், கசிந்த சாவிக்குரிய சான்றிதழ் இயல்பாகக் காலாவதியாகும் நாளையும் குறித்துவையுங்கள். அதுவரை அந்தப் பெயரில் எவரேனும் நடிக்கும் வாய்ப்பு முற்றிலும் மறைந்துவிடுவதில்லை.

அதே சாவி வேறு எங்கெல்லாம் இருந்தது என்று கடைசியாகத் தேடுங்கள்: சுமைபகிர்வுக் கருவி, சோதனைச் சர்வர், காப்பு நகல், முன்பு பணியாற்றியவரின் பொறுப்பில் இருந்த இயந்திரம். ஒவ்வொன்றிலும் இருக்கும் சாவியின் பொதுச்சாவியை வெளிக்கொணர்ந்து, கசிந்ததன் பொதுச்சாவியோடு ஒப்பிட்டால், எது அகற்றப்பட வேண்டியது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.